50 ரூபாய் சைக்கிள் பார்க்: ஆறு வருட வாடிக்கையாளர் எழுதுவது

பெயர்ப் பலகை கிடையாது. மதிலில் கறுப்புப் பெயின்றால் 'சைக்கிள் பார்க்' என்று எழுதி ஒரு அம்புக்குறி போட்டிருக்கும். அந்த அம்பு பக்கத்து வேப்பமரத்தைத்தான் காட்டுகிறது, கேற் அதற்கு அடுத்தது. களுவாஞ்சிகுடியில், பட்டிருப்புப் பாலம் தாண்டி வருகிறவர்கள் கல்முனை வீதியில் ஏறுவதற்கு முன் வருகிற வீட்டு வளவு அது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்குப் போகிற ஆட்களுக்கு இந்த வளவு பழக்கமாகத்தான் இருக்கும். நான் பழுகாமத்திலிருந்து வருகிறேன். ஆறு வருடமாக, வாரத்தில் ஐந்து நாள், ஸ்கூட்டியை அங்கே விட்டுவிட்டு பஸ் ஏறுகிறேன். சாப்பாட்டுக் கடைக்கெல்லாம் விமர்சனம் எழுதுகிறார்கள், இந்த இடத்துக்கு ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை.

எழுத வைத்தது கந்தோர்ச் சண்டை. மட்டக்களப்பு டவுனின் நடுவில், புளியந்தீவில் எங்கள் கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. டவுனுக்குள் நுழைகிற பாலத்துக்கு முன்னால் உள்ள கல்லடிப் பக்கம் ஒரு பெரிய வாகனத் தரிப்பிடம் போட வேண்டும், காரையும் மோட்டார் சைக்கிளையும் எல்லாரும் அங்கேயே விட்டுவிட வேண்டும், அங்கிருந்து சின்ன பஸ் விட்டால் டவுனுக்குள் நெரிசல் பாதியாகிவிடும். இதைச் சொல்கிறவர் காரில் வருகிறவர். "நீங்கள் விடுவீர்களா சேர்?" என்று கேட்டேன். "மற்றவர்கள் விட்டால் நான் லேசாக வந்துவிடுவேன்தானே" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் முழு விஷயமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பார்க். வீட்டுக்காரரை நாங்கள் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவது. காலையில் 5.30க்குக் கேற் திறந்துவிடும். வளவு முழுக்க, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் மணல், சைட் ஸ்டாண்ட் போட்டால் ஐந்து நிமிடத்தில் வண்டி சாயத் தொடங்கும். அதற்காக மாமா ஒரு கடகம் நிறையச் சிரட்டை வைத்திருக்கிறார். வண்டியை நிறுத்தியதும் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து ஸ்டாண்டுக்குக் கீழே காலால் தள்ளிவிடுவார். மார்கழி மழையில் வளவு சேறாகிப் போகிற நாளிலும் வண்டி விழுந்து நான் பார்க்கவில்லை. பெரிய கடைகளின் தரிப்பிடங்களில் கொங்கிரீட்டும் மஞ்சள் கோடும் இருக்கும், இந்தக் கவனம் இருக்காது.

டோக்கன், பால்மா ரின் மூடியில் ஆணியால் இலக்கம் குத்திய தகடு. ஒன்று ஹாண்டிலில் தொங்கும், சோடித் தகடு நம் கையில். அதைத் தொலைத்தவர்கள் வாகனத்தின் லைசனைக் காட்ட வேண்டும், முகம் தெரிந்தாலும் விடமாட்டார். ஒருமுறை தொலைத்துவிட்டு, "ஆறு வருடமாகப் பார்க்கிறீர்களே மாமா" என்று கெஞ்சினேன். "உன்னத் தெரியும் புள்ள, வண்டியத்தான் கேக்கன்" என்றார். கோபமாக இருந்தது. பிறகு யோசித்தால், என் ஸ்கூட்டியை அப்படி யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதும் அதே காரணத்தால்தான்.

சைக்கிளுக்கு 30, மோட்டார் சைக்கிளுக்கு 50. மாதக் கட்டணம் என்று எதுவும் இல்லை. கேட்டுப் பார்த்தேன், "வராத நாளுக்கு ஏன் காசு?" என்றார்.

குறை இல்லையா? இருக்கிறது. பாதிக்குத்தான் தகரக் கூரை. 7 மணிக்குப் பிறகு வருகிறவர்களுக்கு வெயிலடியும் காக்கை எச்சமும்தான், சீற்றைத் துடைக்க ஒரு பழந்துணி எப்போதும் என் பையில் இருக்கும். ஹெல்மட்டுக்குப் பொறுப்பில்லை என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஒருநாள் என் ஹெல்மட்டை யாரோ மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அதே நிறம்தான், உள்ளே மட்டும் ஒரு போத்தல் தலை எண்ணெயின் மணம். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பதினைந்து நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். மூன்றாம் நாள் அந்த அண்ணனே கொண்டுவந்து தந்தார், அவருக்கும் என் ஷம்பூ மணம் பிடிக்கவில்லையாம்.

பெரிய குறை, இரவு. கேற் 7.30க்குப் பூட்டு. கந்தோர் 4.15க்கு முடிகிற நாளில் பிரச்சினை இல்லை. கணக்கு முடிக்கிற மாதத்தில் 6 மணி வரை இருந்துவிட்டால் வயிற்றில் புளி கரைக்கும். பஸ் நிலையத்தில் நின்று, கல்லடிப் பாலம் கடந்து, காத்தான்குடிக்குள் ஊர்ந்து, ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம் என்று ஒவ்வொரு ஹோல்டாக இறக்கி ஏற்றி வந்து சேரும்போது எட்டாகிவிடும். மாமாவுக்கு ஃபோன் எடுத்தால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ரோச் லைட்டோடு வந்து திறந்துவிடுவார். திட்டுவார், திறந்துவிடுவார். ஆனால் ஒரு முறை அவர் வீட்டில் இல்லை. அன்றைக்கு ஸ்கூட்டி உள்ளே, நான் வெளியே, வீட்டுக்கு ஓட்டோ. அந்த ஓட்டோக் காசு இரண்டு வாரப் பார்க் காசை விழுங்கிவிட்டது.

கல்லடி யோசனையை மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அங்கேயிருந்து கடைசி பஸ் எத்தின மணிக்குப் புள்ள?" கந்தோரில் ஒரு மாதம் சண்டை பிடித்த எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

சரி, தரிப்பிடம் போட்டால் நெரிசல் குறையுமா? என் கண்ணால் பார்த்த ஒரு பரீட்சை இருக்கிறது. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. அடுத்த மாதம் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் கோட்டா வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். களுவாஞ்சிகுடியிலிருந்து டவுனுக்குப் போய் வர ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல் வேண்டும். மாமாவின் வளவில் அந்த நாட்களில் நிறுத்த இடமில்லை. கிணற்றடி, மாட்டுக்கொட்டில், மாமியின் கறிவேப்பிலைப் பாத்தி வரை வண்டி. அதற்கு முன் டவுன் வரைக்கும் மோட்டார் சைக்கிளிலேயே போன ஆட்கள் எல்லாரும் பஸ்ஸுக்குள் நசுங்கினார்கள். புளியந்தீவுக்குள் நடு ரோட்டில் நடக்கலாம் போல இருந்தது. 2023 செப்டெம்பரில் கோட்டாவை எடுத்தார்கள். வளவு மெல்ல மெல்லக் காலியாகி, மாமியின் பாத்தி திரும்பவும் துளிர்த்தது. பார்க் அதே பார்க், பஸ்ஸும் அதே பஸ். ஆட்களை நகர்த்தியது பெற்றோல்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும், இது என்னைப் பற்றியது. ஸ்கூட்டி வாங்குவதற்கு முன் நான் எப்படி வந்தேன்? ஊரிலிருந்து பஸ், களுவாஞ்சிகுடியில் இறங்கி மாறி இன்னொரு பஸ். முழுக்க பஸ். டவுனுக்கு ஸ்கூட்டியில் போகிற துணிச்சல் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆக மாமாவின் பார்க் என்னால் டவுன் ரோட்டிலிருந்து ஒரு வண்டியைக்கூடக் குறைக்கவில்லை. பட்டிருப்புப் பாலத்தில் ஒரு வண்டியைக் கூட்டியிருக்கிறது. ஊர் பஸ்ஸில் ஒரு ஆள் குறைந்தது. இங்கிலாந்தில் 1990களில் இதை ஆராய்ந்த கிரகாம் பார்க்கர்ஸ்ட் என்ற போக்குவரத்து ஆய்வாளர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: நகர எல்லையில் தரிப்பிடம் வந்ததும், அதுவரை வீட்டிலிருந்தே பஸ்ஸில் வந்தவர்களில் ஒரு பகுதி காரை எடுத்துக்கொண்டு தரிப்பிடம் வரை வரத் தொடங்குகிறார்கள், அதனால் நகருக்கு வெளியே வாகன ஓட்டம் கூடவும் செய்யலாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்தே எழுதியது போல் இருந்தது.

அதற்காகக் கந்தோர் யோசனையை முழுக்கத் தள்ளிவிடவும் இல்லை. ஒக்ஸ்போர்டில் 1973 முதல் இப்படியான தரிப்பிடங்கள் இருக்கின்றன. ஆனால் தரிப்பிடத்தை மட்டும் அவர்கள் கட்டவில்லை. நகர நடுவில் நிறுத்துகிற இடத்தைக் கட்டுப்படுத்தினார்கள், பஸ்ஸுக்கு ரோட்டில் முன்னுரிமை கொடுத்தார்கள். நம் நாட்டில் கொட்டாவைக்குப் பக்கத்து மாகும்புரவைப் பாருங்கள். தெற்கு அதிவேகப் பாதை இறங்குகிற இடத்திலேயே பஸ் நிலையம், பக்கத்தில் களனிவெளிப் பாதையின் ரயில் நிலையம். பயிற்சிக்குப் போனபோது அங்கே இறங்கி மாறியிருக்கிறேன். அங்கே வண்டியை விடுகிறவருக்கு முன்னால் கொழும்பின் நீண்ட நெரிசல் காத்திருக்கிறது, அதனால் விடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

கல்லடியில் என்ன மிஞ்சியிருக்கும்? களுவாஞ்சிகுடியிலிருந்து முழுத் தூரமும் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்ட ஒருவருக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோமீற்றர். பாலம், அரசடி, கோட்டைமுனை, கந்தோர் வாசல். அந்த வாசலில் இலவசமாக, மரநிழலில், நிறுத்த இடமும் இருக்கிறது. அவர் ஏன் கல்லடியில் இறங்கி, காசு கொடுத்து, பத்து நிமிடம் பஸ் பார்த்து நிற்க வேண்டும்? அந்தச் சின்ன பஸ்ஸும் பறந்து போகாது. அதே பாலத்தில் அதே வரிசையில்தான் நிற்கும். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் பக்கத்தில் சும்மா இருக்கிறதே, அதில் பஸ் விடலாம் என்றார் ஒருவர். நூறு வயதுக் கிழவியின் தோளில் பஸ்ஸை ஏற்றச் சொல்கிறார். 2013இல் புதுப் பாலத்தைத் திறந்ததே அவளால் முடியாமல் போனதால்தான்.

பெரிய கணக்கும் வேண்டாம். ஒரு பஸ்ஸில் 50 பேர் என்று வைத்தால், 300 பேரை அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோக ஆறு பஸ் வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. அதற்குக் கொஞ்சம் குறைந்தாலும் இரண்டாம் நாளே ஆட்கள் பழையபடி மோட்டார் சைக்கிளில் கந்தோர் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அதோடு, டவுன் நெரிசல் என்று நாங்கள் திட்டுவது எந்த நேரத்து நெரிசலை? காலை 7க்கும் 7.30க்கும் இடையில், பிறகு 1.30க்கு. பள்ளிக்கூட நேரம். புனித மிக்கேலுக்கும் சிசிலியாவுக்கும் பிள்ளைகளை இறக்குகிற வானும் ஓட்டோவும் அப்பாமாரின் மோட்டார் சைக்கிளும். ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கல்லடியில் இறக்கி பஸ்ஸில் ஏற்றிவிட எந்த அம்மா சம்மதிப்பார்? நான் சம்மதிக்கமாட்டேன்.

என்னைக் கேட்டால், கல்லடியில் ஒரு பெரிய வளவு போடுவதற்குப் பதில், மாமாவின் வளவைப் போல நான்கைந்து சின்ன வளவு போதும், தூரத்தில். களுவாஞ்சிகுடியில் ஒன்று இருக்கிறது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்களுக்கு மண்முனைப் பாலம் முடிகிற இடத்தில் ஒன்று. 2014இல் அந்தப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்க மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் நேரே பிரதான வீதிக்கு வந்துவிடுகின்றன. வடக்கே பதுளை வீதி வந்து சேர்கிற செங்கலடியில் ஒன்று. தூரத்தில் விட்டால்தான் பெற்றோல் காசு மிஞ்சும், காசு மிஞ்சினால்தான் விடுவார்கள். கூடவே இரவு 9 மணி வரை பஸ். புளியந்தீவுக்குள் நிறுத்துவதற்கு ஒரு கட்டணம், கந்தோர்க்காரர் உட்பட. இந்தக் கடைசி வரியைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது சேர் எழும்பிக் கை கழுவப் போய்விட்டார்.

திரும்ப மாமாவின் பார்க்குக்கு வருகிறேன். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது கூரைக்கும் இரவுப் பூட்டுக்கும். புதிதாகப் போகிறவர்கள் 6.45க்கு முன் போனால் தகரத்தடியில் இடம் கிடைக்கும். ஐம்பது ரூபாயைச் சில்லறையாகக் கொண்டுபோங்கள், ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் அன்றைக்குக் கடன் எழுதி அடுத்த நாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஞாபகப்படுத்துவார். தென்னைக்குக் கீழே நிறுத்தாதீர்கள், ஏன் என்று அந்த மூலையில் நிற்கிற நீல மோட்டார் சைக்கிளின் டாங்கியைப் பார்த்தால் தெரியும். 17ஆம் இலக்கத் தகட்டுக்கு நேரே உள்ள இடம் என்னுடையது. போன செவ்வாய்க்கிழமை அங்கே நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும்.