எளிதில் சிவக்கும் தோலுக்கு எந்தச் சோப்பு?

குளித்துத் துவட்டிய சற்று நேரத்தில் தோல் இறுகுபவர்களுக்கும், முழங்கை மடிப்பில் அரிப்பு எழுபவர்களுக்கும் ஒரு நாள் அந்த எண்ணம் வந்தே தீரும்: சோப்பை நாமே செய்துகொண்டால் என்ன? தாராளமாகச் செய்யலாம். ஆனால் வீட்டில் செய்தது என்பதாலேயே ஒரு சோப்பு மென்மையானதாகிவிடாது. எந்த முறையில் செய்கிறோம், எந்த எண்ணெயை எடுக்கிறோம், எதைச் சேர்க்காமல் விடுகிறோம் என்ற மூன்றும் சேர்ந்துதான் தோலின் கதியை முடிவுசெய்கின்றன. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

முறைகளில் மிகச் சுலபமானது, ஆயத்த சோப்புக் கட்டியை வாங்கி உருக்கி அச்சில் வார்ப்பது. எண்ணெயைச் சோப்பாக்கும் வலுவான காரமான காஸ்டிக் சோடாவைத் தொட வேண்டியதே இல்லை. வார்த்து இறுகியதும் அன்றே பயன்படுத்தலாம். சிறு குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இதைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும். எனினும் கட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தவர் வேறொருவர். கிளிசரின் இருந்தால் நல்லது. சிலவற்றில் நுரைக்காகச் சோடியம் லாரத் சல்ஃபேட்டும், தெளிவுக்காகப் ப்ரொப்பிலீன் கிளைகாலும் சேர்த்திருப்பார்கள். எளிதில் சிவக்கும் தோலுக்கு இவை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உறையிலுள்ள பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள். பட்டியலே இல்லாத கட்டியைத் திரும்பியும் பார்க்காதீர்கள்.

குளிர்முறையில் எல்லாம் நம் கையில். காஸ்டிக் சோடா கரைசலை எண்ணெயில் ஊற்றி, கூழ் பதம் வரும்வரை கலக்கி, அச்சில் வார்த்து, ஓரிரு நாள் கழித்து வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். இந்த வாரங்களில்தான் காரம் மெல்ல மெல்லக் குறைகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் காரமும் எண்ணெயும் வினைபுரிவது முதல் ஓரிரு நாட்களிலேயே ஏறத்தாழ முடிந்துவிடும். மீதி நாட்களில் நீர் வெளியேறுகிறது, கட்டி இறுகுகிறது, நுரை இதமாகிறது.

எண்ணெயில்தான் உண்மையான போட்டி. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதனால் அந்தச் சோப்பில் நுரை பொங்கும், அழுக்கு சட்டென்று போகும், கூடவே தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையும் போய்விடும். எண்ணெயாகப் பூசும்போது இதமாக இருப்பது சோப்பானபின் வேறு குணம் கொண்டுவிடுகிறது. ஆலிவ் எண்ணெயில் மேலோங்கியிருப்பது ஓலியிக் அமிலம். அதன் சோப்பு சாதுவானது. நுரை குறைவு, கொஞ்சம் வழவழப்பு. ஆலிவை மட்டும் கொண்டு செய்தால் ஆறு மாதமாவது பொறுத்திருக்க வேண்டும்.

நான் சொல்லும் கலவை இது: 1000 கிராம் எண்ணெயில் ஆலிவ் 600, தேங்காய் 200, ஷியா பட்டர் (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு) 150, விளக்கெண்ணெய் 50. முழுவதையும் சோப்பாக்க ஏறத்தாழ 142 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதில் 7 சதவீதம் குறைத்து 132 கிராம் போட்டால் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் தோலுக்கென்று மிஞ்சும். தண்ணீர் 264 கிராம். எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்றியே ஆக வேண்டும். 1000 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 183 கிராம் காரம் தேவை; ஆலிவுக்கு 134 போதும். முன்னதற்கான காரத்தைப் பின்னதில் கொட்டினால் 49 கிராம் கட்டிக்குள்ளேயே தங்கித் தோலைச் சுட்டுவிடும். ஆகவே எல்லாம் தராசில்தான்; கப், கரண்டி அளவுகளை நம்பக் கூடாது. காரத்தைத் தண்ணீரில் தூவுங்கள். காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி, கைக்குக் கையுறை. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

சூடுமுறை இதே கலவையை அடுப்பில் வேகவைப்பது. வினை பாத்திரத்திலேயே முடிந்துவிடுவதால் கடைசியில் சேர்க்கும் ஷியா பட்டர் பெரும்பாலும் சோப்பாகாமல் அப்படியே நிற்கும். குளிர்முறையில் எந்த எண்ணெய் மிஞ்ச வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. சூடுமுறைச் சோப்பின் தோற்றம் கரடுமுரடாக இருக்கும், அவ்வளவே குறை.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆரோக்கியமான தோலின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4.5 முதல் 5.5 வரை. எந்த முறையில் செய்தாலும் உண்மையான சோப்பு 9, 10 என்றுதான் நிற்கும். எலுமிச்சைச் சாறு ஊற்றி இறக்கலாம் என்பது வீண் ஆசை. அமிலம் சோப்பை உடைத்து மறுபடி கொழுப்பு அமிலமாக்கிவிடும். எக்ஸிமா (அரிப்போடு வரும் தோலழற்சி) உள்ளவர்களுக்கும், வெடித்த தோல் உள்ளவர்களுக்கும் நான் சோப்பையே பரிந்துரைக்க மாட்டேன். சோடியம் கோகாயில் ஐசெதியோனேட் என்ற மென்மையான நுரைப்பொருளின் பொடியைக் கொண்டு பிசைந்து அழுத்திச் செய்யும் குளியல் கட்டி அவர்களுக்கு ஏற்றது, அதன் பி.எச்.சை 5.5க்கு அருகே கொண்டுவர முடியும். பொடி பறந்து மூக்கை எரிக்கும் என்பதால் முகக்கவசம் அவசியம். இதோடு பலர் சேர்க்கும் கோகாமிடோப்ரொப்பில் பீட்டைன் என்ற இன்னொரு நுரைப்பொருள் சிலருக்கு ஒவ்வாமை தருவது, இல்லாமலே செய்யலாம்.

இப்போது சேர்க்காமல் விட வேண்டியவை. முதலில் வாசனை. லாவெண்டரும் தேயிலை மர எண்ணெயும் இயற்கையானவைதாம். ஆனால் லாவெண்டரிலுள்ள லினலூல், ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலுள்ள லிமோனீன் ஆகியவை காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமையைத் தூண்டும். தேயிலை மர எண்ணெயும் பழசானால் அப்படியே. பட்டை, கிராம்பு எண்ணெய்களை நினைக்கவே வேண்டாம். வாசனையில்லாச் சோப்பு மந்தமாகத் தோன்றும் என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அரிக்காத தோலின் நிம்மதிக்கு எந்த நறுமணமும் ஈடாகாது. தண்ணீர் கலந்த லோஷன்களுக்குப் பாதுகாப்புப்பொருள் இல்லாமல் முடியாது. அங்கே மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பாதுகாப்புப்பொருளைத் தவிருங்கள். 2013இல் அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் அந்த ஆண்டின் ஒவ்வாமைப்பொருள் என்று அறிவித்தது அதைத்தான்.

தொட்டியில் போட்டால் பொங்கும் நிறமேற்றிய குளியல் உருண்டைகளை விட்டுவிடலாம். அவற்றுக்கு எதிரே, மாவாக அரைத்த ஓட்ஸை வெதுவெதுப்பான நீரில் கலக்கி உடலை ஊறவைப்பது எவ்வளவோ மேல்.

எதைச் செய்தாலும் முதல் கட்டியை உடல் முழுக்கத் தேய்க்காதீர்கள். முன்கையின் உட்புறம் ஒரு சிறு வட்டத்தில் நுரைத்து, வழக்கமாகக் குளிக்கும்போது இருக்கும் நேரம் மட்டும் வைத்துக் கழுவுங்கள். தினம் இருமுறை, அதே இடத்தில், ஏழு முதல் பத்து நாட்கள். அதற்குள் சிவந்தாலோ அரித்தாலோ அந்தக் கட்டியை ஒதுக்கிவைத்து, கலவையிலிருந்து ஒரே ஒரு பொருளை நீக்கிவிட்டு மறுபடி செய்து பாருங்கள்.