மேசை எஃப்டிஐஆர்: சிங்கப்பூர் ஈரத்துக்கு எது ஒத்துவரும்?

எஃப்டிஐஆர் என்பது அகச்சிவப்பு ஒளியால் பொருளை அடையாளம் காணும் கருவி; வைர ஏடிஆர் என்பது மாதிரியை நேரடியாக வைத்து அளக்கும் அதன் வைரப் பரப்பு. இவை சேர்ந்த சிறிய கருவி வாங்குவோர் விலைக்கு முன் கேட்க வேண்டியது, பீம் ஸ்ப்ளிட்டர் (ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் தகடு) எதனால் ஆனது என்பதை. பொட்டாசியம் புரோமைடு என்றால் ஏறத்தாழ 400 செ.மீ⁻¹ (அகச்சிவப்பு ஒளியின் அலைஎண்) வரை இறங்கிப் பார்க்கலாம். ஆனால் அது உப்பு. ஈரம் பட்டால் மங்கிப்போகும், சிக்னல் நாளுக்கு நாள் தேயும். ஜிங்க் செலினைடு ஈரத்துக்கு அஞ்சாது. 500-ஐ ஒட்டி அதன் பார்வை முடிந்துவிடும், அவ்வளவுதான். பிளாஸ்டிக், எண்ணெய், கரைப்பான் அடையாளம் காண அது தாராளம். ஜூரோங் பக்கத்து ஆய்வுக்கூடங்களுக்கு இதையே பரிந்துரைப்போம்.

புரோமைடுதான் வேண்டுமென்றால், வெள்ளி மாலை ஏர்கான் அணைக்கப்படும் அறை வேண்டவே வேண்டாம். வார இறுதியிலும் கருவிக்கு மின்சாரம் ஓடட்டும். உள்ளிருக்கும் இளஞ்சூடு ஈரத்தைத் தடுக்கும். கருவிக்குள் ஈரம் உறிஞ்சும் உலர்த்திப் பொட்டலத்தின் நிறம் மாறியதும் அன்றே மாற்றுங்கள்.

வைர ஏடிஆர் அருமை. ஒரு துளி போதும். பொடியை மட்டும் நன்றாக அழுத்த வேண்டும், தொடுகை குறைந்தால் பீக்குகள் (வரைபடத்தில் பொருளைக் காட்டும் முகடுகள்) குட்டையாகும். ஐசோபுரொப்பனாலால் துடைத்தபின் முழுக்கக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் 2970 செ.மீ⁻¹ அருகே ஐசோபுரொப்பனாலின் பீக்கே வந்து நிற்கும். 2350-இல் பீக் கீழ்நோக்கித் தொங்கினால், பின்னணி (மாதிரி வைக்காமல் எடுக்கும் அளவீடு) எடுத்தபோது காற்றில் கரியமிலவாயு அதிகம். யாரோ கருவியருகே குனிந்து மூச்சுவிட்டிருப்பார்கள். பின்னணியைப் புதிதாக எடுங்கள்.

கருவி அலைஎண்ணைச் சரியாகக் காட்டுகிறதா என்று அறிய, பாலிஸ்டைரீன் படலத்தின் 1601 பீக்கை வாரமொருமுறை சரிபாருங்கள். கருவிக்குள் இருக்கும் லேசரை மாற்றும் செலவை வாங்கும்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.