ஓவர்ஹெட்டும் ஒத்துக்கொள்ளும் ஸ்னேர்: ஸ்லேட் டிரிக்கர் 2 மதிப்புரை

பதிவு செய்த டிரம்ஸில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் நடு டிரம்), டாம் (மற்ற டிரம்கள்) ஆகியவற்றின் ஒலிக்குப் பதிலாகவோ துணையாகவோ, வேறொரு டிரம்மில் அடித்துப் பிடித்து வைத்த சாம்பிளைச் சேர்ப்பது இன்றைய மிக்ஸிங்கில் அன்றாட வேலை. ராக், மெட்டல் பாடல்களில் இப்படிச் சாம்பிள் சேர்க்காத கிக் ஒலியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதற்கென்று விற்கப்படும் பிளக்-இன்களில் (மிக்ஸிங் மென்பொருளுக்குள் செருகும் துணைக் கருவிகளில்) பரவலாகப் பேசப்படுவது ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ் நிறுவனத்தின் டிரிக்கர் 2. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதோடு வரும் சாம்பிள்களின் தரத்தையே புகழ்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம்தான், ஏனென்றால் நல்ல ஸ்னேர் சாம்பிள் இப்போது எங்கும் கிடைக்கிறது. வைத்த சாம்பிள், டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்குகளில் ஏற்கெனவே பதிவாகிவிட்ட அசல் ஸ்னேரோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதைக் கொண்டே இந்த வகைக் கருவி எதையும் மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்னேருக்கு அருகில் வைத்த மைக்கின் டிராக்கை முழுவதும் நீக்கிவிட்டுச் சாம்பிளை வைத்தாலும், பாடலிலிருந்து அசல் ஸ்னேர் போய்விடுவதில்லை. தலைக்கு மேல் இருக்கும் இரண்டு மைக்குகளிலும், ரூம் மைக்கிலும், ஹை-ஹாட் எனும் இரட்டைச் சிம்பலின் மைக்கிலும்கூட அது இருந்துகொண்டே இருக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது என்பதால், ஸ்னேரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் ஓவர்ஹெட் மைக்கை அந்த அடி சுமார் 2.9 மில்லிசெகண்ட் கழித்தே வந்தடைகிறது. ஸ்னேரின் கனம் 200 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு முழு அலைக்கு 5 மில்லிசெகண்ட், அரை அலைக்கு 2.5 மில்லிசெகண்ட் ஆகிறது. ஆகவே சாம்பிள் ஓரிரு மில்லிசெகண்ட் முன்பின்னாக விழுந்தாலே போதும், ஓவர்ஹெட்டில் இருக்கும் கனமும் சாம்பிளின் கனமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தனியாகக் கேட்கும்போது அட்டகாசமாக இருந்த சாம்பிள், மற்ற டிராக்குகளைத் திறந்தவுடன் தகரத்தைத் தட்டியதுபோல் சுருங்கிப் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அதைவிட மோசமானது, இந்தப் பிசகு ஒவ்வோர் அடியிலும் ஒரே அளவாக இல்லாமல் மாறிக்கொண்டிருப்பது. அப்போது ஒரு ஸ்னேர் தடித்தும் அடுத்தது மெலிந்தும் ஒலிக்கும், எந்த ஈக்யூவாலும் (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் கருவியாலும்) அதைச் சரிசெய்ய முடியாது.

டிரிக்கர் 2 தன் மதிப்பை நிலைநாட்டுவது இந்த இடத்தில்தான். அடி விழுந்த இடத்தைச் சற்று முன்கூட்டியே பார்த்துக் கணிப்பதற்காக அது எடுத்துக்கொள்ளும் தாமதத்தை மிக்ஸிங் மென்பொருள் ஈடுகட்டிவிடுகிறது. அதனால் சாம்பிளின் தொடக்கம் அசல் அடியின் தொடக்கத்தோடு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பொருந்துகிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. டிரிக்கரின் வெளியீட்டைத் தனி டிராக்கில் பதிவு செய்து, அசல் ஸ்னேர் டிராக்குக்குக் கீழே வைத்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாட்டின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் சில அடிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளி எங்கும் ஒன்றாகவே இருந்தால், அது சற்றுத் தள்ளியே இருந்தாலும் கவலையில்லை, டிராக்கை ஒருமுறை நகர்த்தினால் தீர்ந்தது. பிறகு சாம்பிளின் பொலாரிட்டியை, அதாவது அலையின் மேல்-கீழ் திசையைத் திருப்பி, ஓவர்ஹெட்டோடு சேர்த்துக் கேட்டு, எந்தப் பக்கத்தில் கனம் கூடுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். அருகிலிருக்கும் மைக்கோடு மட்டும் ஒப்பிட்டு முடிவெடுப்பது அரைகுறை வேலை. அந்த மைக்கின் ஒலியைக் கடைசியில் குறைத்துவிடப்போகிறோம், ஓவர்ஹெட்டோ கடைசிவரை பாட்டில் இருக்கப்போகிறது.

நேரலைக்கென்று ஒரு லைவ் முறையும் இதில் இருக்கிறது. தாமதம் குறைய வேண்டும் என்பதற்காகத் துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. மிக்ஸ் செய்யும்போது அது தவறுதலாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடியைக் கண்டுபிடிக்கும் பகுதியில் சென்சிடிவிட்டி, டீடெயில், ரீட்ரிக்கர் என்ற மூன்று குமிழ்கள்தான் முக்கியம். எந்த அளவு மெல்லிய ஒலிவரை கவனிக்க வேண்டும் என்பதை முதலாவதும், உண்மையான அடியையும் கசிவையும் (பக்கத்து வாத்தியத்திலிருந்து மைக்கில் வந்து விழும் ஒலியையும்) எவ்வளவு கறாராகப் பிரிக்க வேண்டும் என்பதை இரண்டாவதும், ஒருமுறை ஒலித்த பின் எவ்வளவு நேரம் காதை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை மூன்றாவதும் தீர்மானிக்கின்றன. மூன்றாவதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. நிமிடத்துக்கு 200 தாளத்தட்டு வேகத்தில், தட்டுக்கு நான்கு அடியான பதினாறாம் நோட்டுகளாக ஓடும் டபுள் கிக்கில் (இரு காலாலும் அடிக்கும் கிக்கில்) அடிக்கு அடி 75 மில்லிசெகண்ட்தான் இடைவெளி. 120 வேகத்தில், தட்டுக்கு எட்டு அடியான முப்பத்திரண்டாம் நோட்டுகளாக விழும் ஸ்னேர் ரோலில் அது 62.5 மில்லிசெகண்ட். ரீட்ரிக்கரை இதற்கு மேல் வைத்தால் பாதி அடிகளைக் கருவி விழுங்கிவிடும். மிகவும் குறைத்து வைத்தாலோ, ஸ்னேரின் ரீங்காரத்தையே இன்னோர் அடி என்று எண்ணி இரட்டித்துவிடும். பாட்டின் வேகத்தைக் கொண்டு கணக்குப் போட்டு, கிடைக்கும் எண்ணுக்குச் சற்றுக் கீழே வைப்பதே வழி.

உண்மையான சோதனை கோஸ்ட் நோட்டுகளில், அதாவது மிக மெல்லிய ஸ்னேர் தட்டல்களில் இருக்கிறது. சிறிய அறையில் பதிவு செய்த ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். சரணத்தில் டிரம்மர் பெரிய அடிகளுக்கு நடுவே இரண்டு மூன்று மெல்லிய தட்டல்களைப் போடுகிறார், பல்லவியில் ஹை-ஹாட்டை அரைவாசி திறந்து ஓங்கி அடிக்கிறார். ஸ்னேர் மைக்கில் சரணத்தின் தட்டலும் பல்லவியின் ஹை-ஹாட் கசிவும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். எந்தக் குமிழை எப்படித் திருப்பினாலும், ஒரே அமைப்பு இரண்டு பகுதிகளுக்கும் பொருந்தாது. டிரிக்கர் 2-ஐக் குறைசொல்லிப் பயனில்லை, தகவலே அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. சரணத்தையும் பல்லவியையும் வெவ்வேறு டிராக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு வைப்பது ஒரு வழி. எனக்குப் பிடித்த வழி இன்னும் எளியது: கோஸ்ட் நோட்டுகளுக்குச் சாம்பிளே வேண்டாம், பெரிய அடிகளை மட்டும் பிடித்தால் போதும். மெல்லிய தட்டல்கள் அசல் மைக்கிலிருந்தே வரட்டும். டிரம்மரின் கை தெரிவது அந்தத் தட்டல்களில்தான், அதை மாற்றிவிட்டால் அவரை எதற்கு அழைத்தோம் என்றாகிவிடும்.

கசிவைக் கையாள்வதற்கென்று இதில் இருக்கும் தனி ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. ஸ்னேர் டிராக்கில் ஒரு டிரிக்கரும் டாம் டிராக்கில் இன்னொன்றும் இருந்தால், ஸ்னேர் அடி விழும் கணத்தில் டாமில் இருக்கும் டிரிக்கருக்கு அது தெரிவிக்கப்பட்டு, அங்கே பொய்யாக டாம் ஒலிப்பது தடுக்கப்படுகிறது. டாம் மைக்குகளுக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் பாட்டு முழுவதிலும் டாம் அடிகள் சில இடங்களில்தான் வரும், மீதி நேரமெல்லாம் அந்த மைக்கில் இருப்பது ஸ்னேரும் சிம்பலும்தான். ஆனால் ஸ்னேரையும் ஃப்ளோர் டாமையும் ஒருசேர அடிக்கும் டிரம்மராக இருந்தால், தடுக்கக் கூடாத அடியும் தடுக்கப்படலாம். டாம்களைப் பொறுத்தவரை, அடி இல்லாத இடங்களைக் கையாலேயே வெட்டி எடுத்துவிட்டு அதன்பின் டிரிக்கரைப் போடுவது இப்போதும் நம்பகமான பழைய முறை.

சாம்பிள்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போவதும் நியாயமல்ல. ஒரே நேரத்தில் எட்டு சாம்பிள்களை அடுக்கி, ஒவ்வொன்றின் ஒலியளவையும் சுருதியையும் தொடக்கத்தையும் தேய்வையும் தனித்தனியே மாற்றலாம். டிசிஐ என்ற அதன் சொந்தக் கோப்பு வடிவத்தில் மென்மையான அடியிலிருந்து வன்மையான அடிவரை பல அடுக்குகள் இருப்பதால், ரோலில் ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்டு இயந்திரத் துப்பாக்கிபோல் ஆவது வெகுவாகக் குறைகிறது. நம்முடைய வேவ் கோப்புகளையும் ஏற்றலாம் என்பதுதான் எனக்கு இதில் உயர்ந்த வசதி. பதிவு முடிந்தவுடன் டிரம்மரை எழுந்துவிடாமல் இருக்கச் சொல்லி, மைக்குகள் அப்படியே இருக்க, கிக்கையும் ஸ்னேரையும் ஒவ்வொரு டாமையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று தனித்தனி அடிகளாக, ஒலி முற்றிலும் அடங்கும்வரை விட்டுவிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிட வேலைதான். அந்த ஸ்னேரின் சாம்பிளே ஓவர்ஹெட்டில் இருக்கும் ஸ்னேரோடு சுருதி பிசகாமல் சேரும், வேறு ஊர் ஸ்டூடியோவின் விலையுயர்ந்த ஸ்னேருக்கு அந்த உறவு கிடையாது. வெளிச் சாம்பிள்தான் வேண்டும் என்றால், அதன் சுருதியை அசலுக்கு அருகில் கொண்டுவந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

இந்த ஆசை கணினிக்கு முன்பே வந்துவிட்டது. ஒலிப்பதிவாளர் ரோஜர் நிக்கல்ஸ், ஸ்டீலி டான் என்ற அமெரிக்க ராக் குழுவுக்காக வெண்டெல் என்ற கருவியை 1970-களின் இறுதியில் உருவாக்கினார். டிரம்மர் அடித்த ஒலிகளைச் சாம்பிளாக எடுத்து, வேண்டிய இடத்தில் துல்லியமாக வைப்பதற்காக உருவான அது, அவர்களின் 1980-ஆம் ஆண்டு ஆல்பத்தில் பயன்பட்டது. அன்று ஒரு குழுவுக்காகச் செய்த கருவியின் வேலையை இன்று வீட்டு மடிக்கணினி செய்கிறது என்பதால், எல்லாப் பாட்டுக்கும் அது தேவை என்று ஆகிவிடாது.

சாம்பிளை எவ்வளவு கேட்கவிடுவது என்ற கேள்விக்கு இதிலுள்ள மிக்ஸ் குமிழ் எளிய விடை தருகிறது, அசலும் சாம்பிளும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதை அங்கேயே வைத்துவிடலாம். ஆனாலும் டிராக்கின் நகலில் டிரிக்கரைப் போட்டு, சாம்பிளை மட்டும் அங்கே ஒலிக்கவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். அப்படிச் செய்தால், கருவிக்கு அடி தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக நகலில் மட்டும் ஈக்யூவும், மெல்லிய ஒலியை அடைத்துவிடும் ‘கேட்’ (gate) கருவியும் போட்டு ஹை-ஹாட்டை எவ்வளவு கொடூரமாக வேண்டுமானாலும் வெட்டலாம், அசல் டிராக் தன் இயல்போடு இருக்கும். இன்னொரு நல்ல பயனும் உண்டு. சாம்பிளை நேராகக் கேட்கவிடாமல், அறையின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்புக்கு மட்டும் அனுப்பலாம். அசல் ஸ்னேர் மைக்கை ரிவெர்புக்கு அனுப்பினால் ஹை-ஹாட்டும் கூடவே போய் அறை முழுவதும் இரையும், சாம்பிளிலோ கசிவு இல்லை என்பதால் ஸ்னேருக்கு மட்டும் ஓர் அறை கிடைக்கும். கேட்பவர் யாரும் சாம்பிள் இருப்பதாகவே எண்ணமாட்டார்.

இதை வாங்க வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடங்களும் இருக்கின்றன. பிரஷ்ஷால் வாசிக்கும் ஜாஸ் பதிவுக்கும், கிராஸ் ஸ்டிக்கும் (குச்சியைப் படுக்கவைத்து ஸ்னேரின் விளிம்பில் தட்டுவதும்) முழு அடியும் மாறி மாறி வரும் மெல்லிசைக்கும் இந்த முறையே பொருந்தாது. எவ்வளவு வன்மையாக அடித்தார் என்பதைக் கருவி அளக்கும், எதனால், எந்த இடத்தில் அடித்தார் என்பதை அது அறியாது. லாஜிக் புரோ என்ற மிக்ஸிங் மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதிலேயே இருக்கும் டிரம் ரீப்ளேஸ்மென்ட் வசதியையும், ரீப்பர் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதோடு வரும், ஆடியோவை மிடியாக (எந்த அடி எப்போது விழுந்தது என்ற குறிப்பாக) மாற்றும் டிரம் டிரிக்கரையும் முதலில் முயன்று பார்க்கலாம். சுப்பீரியர் டிரம்மர் 3 என்ற டிரம்ஸ் மென்பொருள் ஏற்கெனவே இருந்தால் அதிலுள்ள டிராக்கர், டிராக்கை முழுவதுமாக ஆராய்ந்து ஒவ்வோர் அடியையும் கையால் திருத்தவும் இடம் தருகிறது. மாதத்துக்கு ஒரு பாட்டு மிக்ஸ் செய்பவருக்கு அந்தப் பொறுமையான முறை போதும். வாரம் முழுவதும் ராக், மெட்டல் டிரம்ஸோடு மல்லுக்கட்டுகிறவருக்கு, டிராக்கில் போட்டவுடன் பாட்டு ஓடும்போதே பொருந்திவரும் டிரிக்கர் 2 மிச்சப்படுத்தும் நேரம் அதன் விலையை ஈடுகட்டும். மென்பொருள் உரிமத்தைச் சரிபார்க்கும் ஐலாக் கணக்கு வேண்டும் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன் கவனத்தில் கொள்ளுங்கள்.

அமைப்பு திருப்தியாக வந்தவுடன் டிரிக்கரின் வெளியீட்டை ஆடியோவாகப் பதிவு செய்துவிட்டு, பொய்யாக விழுந்த அடிகளைக் கண்ணால் பார்த்து அழித்து, விடுபட்ட அடிகளைப் பக்கத்து அடியிலிருந்து நகலெடுத்து ஒட்டி, பிளக்-இன்னை அணைத்துவிடுங்கள். உரிமம் இல்லாத வேறொரு கணினியில் அந்தப் பாட்டைத் திறக்க நேர்ந்தாலும் ஸ்னேர் வைத்த இடத்திலேயே இருக்கும்.