ஊமை எஞ்சினா, உறுமும் எஞ்சினா?

1856-இல் ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரம் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு நீராவி எஞ்சின் மாடல் வாங்காமல் இருக்க முடியுமா? ஒலியோடு ஒன்று போன வாரம் வந்தது. எச்ஓ அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. ஏற்கெனவே இருப்பதும் அதே அளவுதான், ஆனால் ஊமை.

புதியதை மெதுவாக நகர்த்தியதும் சொக்கிப்போனேன். இரண்டு சிலிண்டர் எஞ்சின், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு முறை புகை தள்ளும் சத்தம் வர வேண்டும். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. நின்றாலும் பாய்லர் சீறுகிறது. விசில்தான் கீச்சு. டெண்டருக்குள், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கரி, தண்ணீர்ப் பெட்டிக்குள், ஒளிந்திருக்கும் குட்டி ஸ்பீக்கரிடம் வேறென்ன கேட்பது? பெரம்பூர் பணிமனையில் வேலை பார்த்த பெரியப்பா, “டேய், இது எலி விசில்டா” என்றார்.

பழையதற்குத் தண்டவாளம் வழியாகப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் சாதாரண டிசி கன்ட்ரோலர் போதும், விலையும் குறைவு. புதியதன் ஒலிகளை நினைத்தபடி இயக்க தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டிசிசி கன்ட்ரோலர் தனியாக வேண்டும். அப்புறம் நம்ம கடல்காற்றும் தூசியும்! தண்டவாளம் லேசாக அழுக்கானாலும் ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது. பழையது ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுப் போய்விடும்.

பிள்ளைகள் கையில் கொடுக்கப் பழையது. புதியது எனக்கு மட்டும், ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு.