முதல் லெவலை ஓட்டிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்: பழைய பிஎஸ்2-வும் சிம்ப்சன்ஸ் ஹிட் அண்ட் ரன்னும்

கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, மண்டபம் பக்கம் பழைய பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் பெட்டிகள் மறுபடியும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன சபுராளிகள் ஒரு காலத்தில் துபாயிலிருந்து கொண்டுவந்து, பிள்ளைகள் வளர்ந்ததும் பரணில் ஏற்றியவை. அவற்றை மொத்தமாக எடுத்துத் துடைத்து, "சிம்ப்சன்ஸ் ஒரிஜினல் டிஸ்க்கோட" என்று விற்கிறார்கள். கேட்டு வருகிறவர்களும் அந்த ஒரு கேமுக்காகத்தான் வருகிறார்கள். காரணம் இருக்கிறது. 2003-இல் ரேடிகல் என்டர்டெயின்மென்ட் உருவாக்கி விவெண்டி வெளியிட்ட ஹிட் அண்ட் ரன் (சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் குடும்பத்தை வைத்து ஊருக்குள் கார் ஓட்டும் கேம்), அதன்பிறகு டிஜிட்டலாக எந்தக் கடையிலும் விற்பனைக்கு வரவில்லை. ஸ்டீமில் கிடையாது, பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் கிடையாது. பழைய டிஸ்க்தான் ஒரே வழி. விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும்.

சமீபத்தில் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் நடந்த விற்பனையைப் பாருங்கள். ஸ்லிம் மாடல், ஒரு கன்ட்ரோலர், மெமரி கார்டு, சிம்ப்சன்ஸ் டிஸ்க், எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். கடைக்காரர் மூடியைத் திறந்து டிஸ்க்கை வைத்தார், மூடினார், ஆன் பண்ணினார். இடையில் வந்த கார்ட்டூன் வீடியோவை ஸ்டார்ட் பட்டனைத் தட்டித் தாண்டினார். கார்ட்டூன் அப்பா ஹோமர் வீட்டு வாசலில் நின்றான். பிங்க் காரில் க்விக்-இ-மார்ட் கடை வரை மெதுவாக ஒரு ஓட்டு. "பாத்துக்கிட்டியா தம்பி, வெண்ணெய் மாதிரி ஓடுது." வாங்கின பையனும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டான்.

வீட்டில் முதல் லெவல் ஒருமாதிரி ஓடியது. ஹோமரின் மகன் பார்ட் வரும் இரண்டாவது லெவலில் ரேஸ் வைத்தபோது பேச்சு திக்கியது, ரோடு பாதியில் வரையப்படாமல் நின்றது, கடைசியில் படம் உறைந்தது. மெமரி கார்டைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டதும் கேம் வரவே இல்லை. சிவப்பு நிறத் திரையில், பிளேஸ்டேஷன் டிஸ்க்கைப் போடச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி. திருப்பிக் கொண்டுபோனால், "பழைய சரக்குக்கு கேரண்டி ஏது காக்கா" என்று பையனின் வாப்பாவிடம் பதில்.

அந்த டிஸ்க் வெறும் பொம்மை. டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் செத்த பெட்டி அது. மெமரி கார்டில், டிஸ்க் இல்லாமலே கேமைத் திறக்க உதவும் ஃப்ரீ மெக்பூட் என்ற மென்பொருளை ஏற்றி, முன்பக்க யுஎஸ்பி துளையில் நகம் அளவு பென்டிரைவைச் செருகி, கேமின் நகலை அங்கிருந்து ஓட்டியிருக்கிறார்கள். பிஎஸ்2-வின் யுஎஸ்பி 1.1 தலைமுறை. நொடிக்கு 12 மெகாபிட்தான் உச்சம், நடைமுறையில் ஒரு மெகாபைட் அளவுக்குத்தான் வரும். அதன் டிவிடி டிரைவ் 4 எக்ஸ் வேகம், அதாவது நொடிக்கு 5 மெகாபைட்டுக்கு மேல். ஐந்து மடங்கு வித்தியாசம். ஹிட் அண்ட் ரன் ஊரை முழுசாக நினைவில் ஏற்றிக்கொள்வதில்லை. நீங்கள் ஓட்ட ஓட்ட அடுத்த தெருவை டிஸ்க்கிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். வசனமும் பாட்டும் அப்படித்தான். மெதுவாக ஓட்டினால் பென்டிரைவ் சமாளிக்கும், வேகம் பிடித்தால் மூச்சு முட்டும். கடைக்காரர் மெதுவாக ஓட்டியதற்கும் வீடியோவைத் தாண்டியதற்கும் இதுவே காரணம். யுஎஸ்பி வழியில் முதலில் திக்குவதே வீடியோக்கள்தான். சில நகல்களில் இடத்தை மிச்சம் பிடிக்க வீடியோவையே வெட்டியிருப்பார்கள்; கண்ணிமைக்கும் நேரம் கறுப்புத் திரை வந்து நேராக ஆட்டத்துக்குப் போனால் அதுதான் சங்கதி.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோங்கள், 8 எம்பி சோனி கார்டு. ஏழாவது லெவல் வரை திறந்த சேவ் (சேமித்த ஆட்டம்) அதில் இருந்தால் உத்தமம். தெரிந்தவரிடம் காப்பி எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரரின் கார்டையும் யுஎஸ்பியில் இருப்பதையும் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் கார்டை முதல் துளையில் போட்டு, பெட்டியை முழுசாக அணைத்து, டிஸ்க்கோடு ஆன் பண்ணுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் நிற்க வேண்டாம்.

சிவப்புத் திரை வந்தால் மூன்றில் ஒன்று: டிஸ்க் நகல், அல்லது ரீஜன் (எந்த நாட்டுச் சந்தைக்குச் செய்தது என்பது) பொருந்தவில்லை, அல்லது லென்ஸ் டிஸ்க்கைச் சரியாகப் படிக்கவில்லை. கறுப்புத் திரையில் டிஸ்க் ரீட் எரர் என்று வந்தால் லென்ஸையோ கீறலையோ சந்தேகப்படுங்கள். டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். இந்தக் கேமின் பிஎஸ்2 பதிப்பு டிவிடி. அடிப்பக்கம் வெள்ளியாக இருக்க வேண்டும். ஊதா சாயல் தெரிந்தால் கம்ப்யூட்டரில் எழுதிய நகல். மேல்பக்கக் குறியீடு SLES என்று தொடங்கினால் ஐரோப்பிய (PAL) பதிப்பு, SLUS என்றால் அமெரிக்கப் பதிப்பு. பெட்டியின் அடியில் மாடல் எண்ணின் கடைசி இலக்கம் 1 என்றால் அமெரிக்கப் பெட்டி. அதில் ஐரோப்பிய டிஸ்க் ஓடாது. பெரிய பழைய மாடலாக இருந்தால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-இல் நேராகச் செருகினால் பவர் சப்ளை போய்விடும்.

கேம் வந்துவிட்டதா? வீடியோவைத் தாண்ட விடாதீர்கள். பிறகு லிசாவின் மூன்றாவது லெவலை ஏற்றுங்கள். துறைமுகம், ஸ்க்விட்போர்ட் பக்கம் வேகமான காரை எடுத்து ஒரு சுற்று, நிற்காமல். அடுத்து ஏழாவது லெவல், ஹாலோவீன் ஊர். முதல் லெவலின் அதே தெருக்கள்தான், ஆனால் ஜோம்பிகளும் இருட்டும் சேர்ந்திருக்கும். லெவல் மாறும்போது எழும் சத்தத்தைக் கேளுங்கள். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி "டிக் டிக்" என்று அடித்துக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. இருபது நிமிடமாவது ஓடட்டும். சூடேறிய பிறகு சாகும் லென்ஸ்கள் உண்டு.

நம் கடற்கரைக்கென்று ஒரு தனிப் பாடு. உப்புக்காற்று. வீட்டில் ஜன்னல் கம்பியைத் தின்பது பெட்டிக்குள் சும்மா இருக்குமா? மெமரி கார்டின் தொடுமுனைகளிலும் துளையின் உள்ளேயும் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லேசாக இருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் போகும், அதற்காக நூறு இருநூறு குறைக்கக் கேளுங்கள். துருவேறிய ஸ்க்ரூ, அழுக்கு அடைத்த ஃபேன் இருந்தால் உள்ளே போர்டும் அப்படித்தான் இருக்கும். மெமரி கார்டு 64, 128 எம்பி என்று சொன்னால் வேண்டாம். அந்தப் பெரிய போலிகள் நீங்கள் சேமித்த ஆட்டத்தைத் தின்றுவிடும்.

கம்ப்யூட்டர் பதிப்பிலும் ஏமாற்று நடக்கிறது. அது மூன்று சிடி. அந்தக் காலத்து டிஸ்க் பூட்டு முறைகளில் பரவலாக இருந்த சேஃப்டிஸ்க்கின் டிரைவரை விண்டோஸ் 10-இலிருந்து மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது; அதனால் அந்தப் பூட்டுள்ள பழைய டிஸ்க்குகள் நேராக ஓடாது. அதைச் சாக்காக வைத்து "ஓட வைத்துத் தருகிறேன்" என்று 500, 800 வாங்கி, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு எதையோ ஏற்றுகிறார்கள். அகலத்திரைக்கும் கூடுதல் வசதிகளுக்கும் ரசிகர்கள் செய்த மாட் லாஞ்சர் என்ற மென்பொருள் இலவசம். அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். "ரீமாஸ்டர்" (புதுப்பித்த பதிப்பு) என்று காட்டும் பளபளப்பான வீடியோக்கள் ரசிகர்கள் அன்ரியல் எஞ்சின் என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்தவை. அதிகாரபூர்வ ரீமாஸ்டர் இல்லை. பிஎஸ்4, பிஎஸ்5-இல் பிஎஸ்2 டிஸ்க் ஓடும் என்பதும் பொய்.

மொபைல் ஏபிகே (போனில் நேராக ஏற்றும் ஆப் கோப்பு) என்று வாட்ஸ்ஆப்பில் வருவது இன்னும் மோசம். இந்தக் கேமுக்கு மொபைல் பதிப்பே வந்ததில்லை. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும் கார் கேமுக்கு உங்கள் ஓடிபிதான் வேண்டும், வேறென்ன?

கடையில் வாங்கி ஏமாந்தவர்கள்: "ஒரிஜினல் டிஸ்க், வேலை செய்யும் லென்ஸ்" என்று பில்லில் மாடல் எண்ணோடு எழுதி வாங்கியிருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆன்லைனில் யுபிஐ அட்வான்ஸ் அனுப்பிவிட்டு ஆளையே காணோம் என்றால் அன்றைக்கே 1930-க்குப் போன் போடுங்கள், ராத்திரியானாலும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த அதுதான் வாய்ப்பு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.