வளசரவாக்கத்துல கேமரா மூவ்மெண்ட், ஷாட் கம்போசிஷன் வீக்கெண்ட் கிளாஸ் - போலாமா வேணாமா

ஷார்ட் ஃபிலிம் எடுக்கணும்னு இருக்கற பசங்க அடிக்கடி கேக்கற கேள்வி, யூடியூப்லயே எல்லாம் ஃப்ரீயா கெடக்கே, காசு கொடுத்து கிளாஸுக்கு வேற போகணுமான்னு. நான் போய்ட்டு வந்த ஒரு வீக்கெண்ட் கிளாஸ பத்தி சொல்றேன், படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. எடம் வளசரவாக்கம், பேர் போடல, ஏன்னா இதே மாதிரி கிளாஸ் சாலிகிராமம், வடபழனி பக்கம் நிறைய நடக்குது, எதை விசாரிச்சுட்டு சேரணும்னு தெரிஞ்சா எங்க வேணா சேரலாம். ஃபீஸ் 6,000 ரூபா. ஃப்ரேமிங் கிளாஸும் ட்ராலி (தண்டவாளத்துல கேமராவ வச்சு தள்ற வண்டி) கிளாஸும் கொடுத்த காசுக்கு மேலயே இருந்துச்சு, கிம்பல் (நடந்துட்டே எடுத்தா ஆட்டத்த குறைக்கற மோட்டார் ஸ்டாண்ட்) கிளாஸ் சுத்தமா வேஸ்ட், நாம எடுத்த ஷாட்ட பார்த்து தப்பு சொல்ற விஷயத்துல இன்னும் நல்லா பண்ணிருக்கலாம்.

சொல்லித்தர்றவர் ரொம்ப வருஷம் அசோசியேட் கேமராமேனா இருந்தவர். கேமரா மூவ்மெண்ட் கிளாஸ்னு போட்டுட்டு ஆரம்பத்துல கேமராவ அசைக்கவே விடல. ட்ரைபாட், ஒரே ஒரு 50 எம்எம் லென்ஸ், ஒரு டேபிள், ரெண்டு சேர், ரெண்டு டீ கிளாஸ், அவ்ளோதான். ரெண்டு பேர் உக்காந்து கடன் காசு பத்தி பேசற சின்ன சீன், அதை பேன் கூட பண்ணாம, அதாவது கேமராவ பக்கவாட்டுல கூட திருப்பாம எடுக்கணும். எல்லாருக்கும் எரிச்சல், ஒருத்தர் வாய்விட்டே கேட்டுட்டார், சார் எப்ப சார் ட்ராலின்னு. அதுக்கு அவர், "தம்பி, கேமராவ நகத்தாமயே இந்த சீன் புரியுதுன்னா அப்புறம் எதுக்கு நகத்தற, அதுக்கு பதில் சொல்லிட்டு ட்ராலி கேளு"ன்னாரு. எனக்கு இந்த கிளாஸ் புடிச்சதுக்கு காரணமே இந்த ஒரு கேள்விதான், கடைசி வரைக்கும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இதை கேட்டுட்டே இருந்தாரு, யாரையும் விடல.

அந்த டேபிள் சீன்லயே அவ்ளோ விஷயம் இருந்துச்சு. ஹெட் ரூம் (தலைக்கு மேல விடற எடம்), லுக் ரூம் (பாக்கற பக்கம் விடற எடம்) எல்லாம் எங்க வேணா படிச்சுக்கலாம், க்ளோஸ் போகும்போது தலை மேல வெட்டுனா பரவால்ல தாடைய வெட்டாத, முட்டிலயும் மணிக்கட்டுலயும் ஃப்ரேம் முடியக்கூடாது, இதெல்லாம் அவரும் வேகமா சொல்லிட்டு போய்ட்டாரு. நின்னு சொன்னது சஜெஷன் ஷாட், அதாவது ஒருத்தர் தோளுக்கு பின்னாடிலேருந்து எதிர்ல இருக்கறவர எடுக்கறது. தோள் எவ்ளோ தெரியணும்ங்கறத விட, எதிர்ல பேசற ஆளோட பார்வைக்கு கேமரா எவ்ளோ பக்கத்துல இருக்குங்கறதுதான் மேட்டர். அதே நடிகர், அதே டயலாக், கேமராவ பக்கவாட்டுல வச்சு முகம் முக்கால் ப்ரொஃபைலா தெரியும்போது அவர் யாரோ மாதிரி இருந்தாரு, அப்படியே ஒரு ஒன்றரை அடி உள்ள தள்ளி எதிர்ல இருக்கறவரோட கண்ணு பக்கத்துல கொண்டுவந்து வச்சதும் அவர் நம்மகிட்டயே காசு கேக்கற மாதிரி ஆயிடுச்சு. லைட் மாத்தல, லென்ஸ் மாத்தல. மானிட்டர்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு காட்டுனப்ப மொத்த கிளாஸும் சைலண்ட்.

180 டிகிரி லைனையும், அதாவது பேசற ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற கற்பனைக் கோட்டையும், தரையில சாக்பீஸால கோடு போட்டுதான் சொன்னாரு. ஒருத்தருக்கு ரைட் லுக்னா எதிர்ல இருக்கறவருக்கு லெஃப்ட் லுக், கோட்ட தாண்டி அந்தப் பக்கம் கேமரா போச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்கற மாதிரி ஆயிடும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா கட் பண்ணாம ஷாட்டுக்குள்ளயே ட்ராலில கோட்ட தாண்டலாம், பாக்கறவங்க கூடவே வர்றதால குழம்ப மாட்டாங்க, மூணாவதா ஒருத்தர் உள்ள வந்து உக்காந்தா கோடே மாறிடும்னு ஆள வச்சே பண்ணி காட்டுனாரு, அதுக்கப்புறம் அந்த ரூல் மனப்பாடமா இல்லாம புரிஞ்ச விஷயமா மாறிடுச்சு.

அடுத்து ஜூமுக்கும் ட்ராலிக்கும் என்ன வித்தியாசம். நிறைய பேர் ரெண்டும் ஒண்ணுன்னே நெனச்சுட்டு இருக்காங்க, கிட்ட போகுது அவ்ளோதானேன்னு. இங்க ஒரு ஆள நிக்க வச்சு, கேமரா 10 அடி தள்ளி, ஆளுக்கு பின்னாடி இன்னொரு 10 அடி தள்ளி சுவத்துல ஒரு முருகன் காலண்டர். முதல்ல 50லேருந்து 100க்கு ஜூம், முகமும் டபுள் ஆச்சு, காலண்டரும் டபுள் ஆச்சு, படத்த பெருசு பண்ண மாதிரி. அப்புறம் 50லயே வச்சுட்டு ட்ராலில 5 அடி உள்ள போனோம், முகம் அதே மாதிரி டபுள், ஆனா காலண்டர் மூணுல ஒரு பங்குதான் பெருசாச்சு, ஏன்னா அதுக்கும் கேமராவுக்கும் நடுவுல 20 அடி இருந்தது 15 ஆச்சு அவ்ளோதான். அதனாலதான் ட்ராலில போனா நாம அந்த ரூமுக்குள்ள நடந்து போற ஃபீல் வருது. முக்கியமா இன்னொண்ணு, பெர்ஸ்பெக்டிவ, அதாவது முன்னாடி இருக்கறதும் பின்னாடி இருக்கறதும் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ பெருசா தெரியுதுங்கறத மாத்தறது லென்ஸ் இல்ல, கேமரா நிக்கற தூரம்தான்.

இதே கணக்குலதான் வெர்டிகோ ஷாட் வேலை செய்யுது. 1958ல வந்த ஹிட்ச்காக்கோட வெர்டிகோ படத்துக்காக செகண்ட் யூனிட் கேமராமேன் இர்மின் ராபர்ட்ஸ் பண்ணது. ட்ராலில 10 அடிலேருந்து 5 அடிக்கு உள்ள போய்ட்டே 50ஐ 25க்கு வைட் பண்ணா முகம் அதே சைஸ்ல நிக்கும், காலண்டர் மட்டும் மூணுல ரெண்டு பங்கா சுருங்கி பின்னாடி ஓடும். கிளாஸ்ல எல்லாரும் செஞ்சு பார்த்தோம், ஒருத்தர் தள்ளணும் ஒருத்தர் ஜூம் ரிங்க திருப்பணும், ரெண்டு பேருக்கும் டைமிங் செட் ஆகவே மாட்டேங்குது, பாதியில முகம் வீங்கிடும் இல்லன்னா சுருங்கிடும். இதையெல்லாம் நூறு வீடியோ பார்த்தாலும் கத்துக்க முடியாது, கை வைக்கணும்.

என்னைப் பொறுத்தவரைக்கும் மொத்த கிளாஸ்லயும் பெஸ்ட் செஷன் அடுத்து வந்ததுதான். யூனிட்ல வருஷக்கணக்கா ட்ராலி தள்ற ஒரு அண்ணன கூட்டிட்டு வந்திருந்தாங்க. ட்ராக்க போட்டு, ஸ்பிரிட் லெவல் வச்சு பார்த்து, எங்க பள்ளமோ அங்க மரக்கட்டை ஆப்பு அடிச்சு சரி பண்றதுலேருந்து ஆரம்பிச்சாரு. தண்டவாளம் சேர்ற எடத்த விரலால தடவி பார்க்க சொன்னாரு, நகம் மாட்டற அளவு மேடு இருந்தாலே லாங் லென்ஸ்ல ஃப்ரேம் துள்ளும்னாரு. தள்ளும்போது கையால தள்ளக்கூடாது, கைய நீட்டி வச்சுட்டு உடம்ப சாய்ச்சு வெயிட்ட கொடுத்தா அதுவா மெதுவா கெளம்பும், நிறுத்தறதும் அதே மாதிரி மார்க்குக்கு ஒரு அடி முன்னாடியே உடம்ப பின்னாடி எடுத்துக்கணும். அதுக்கும் மேல ஒண்ணு சொன்னாரு பாருங்க, "நான் கேமராவ பாக்க மாட்டேன் தம்பி, டயலாக்க கேப்பேன், எந்த வார்த்தையில நகரணும்னு தெரிஞ்சா போதும்". அப்புறம் அதே டீ சீன எடுத்தோம், "அம்மா நகைய வச்சுதான் குடுத்தேன்"னு ஒரு லைன் வரும், அந்த நகைங்கற வார்த்தையில ட்ராலி கெளம்புது, லைன் முடியறதுக்குள்ள நிக்குது, மொத்தமே ஒரு மூணு அடிதான். சீனே வேற மாதிரி ஆயிடுச்சு. லைன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கெளம்பி ஒரு டேக் எடுத்தோம், அதுல ஏதோ வரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சு எஃபெக்ட் போச்சு.

ஸ்டார்ட் ஃப்ரேம், எண்ட் ஃப்ரேம் ரெண்டும் தனித்தனியா ஸ்டில் ஃபோட்டோவா எடுத்தாலும் நல்லாருக்கணும், நடுவுல போற வழி அப்புறம்தான், நகர்றதுக்கு முன்னாடியும் நின்ன பின்னாடியும் சில செகண்ட் ஹோல்ட் பண்ணி வைங்க எடிட்டர் கும்பிடுவாருன்னும் சொல்லிக்கொடுத்தாங்க. ஃபோகஸ் கிளாஸ் சின்னதுதான் ஆனா யூஸ்ஃபுல், ஃபுல் ஃப்ரேம் கேமரால 50 லென்ஸ் எஃப் 2ல (எஃப் நம்பர் கொறஞ்சா லென்ஸ் துவாரம் பெருசு) ஆறடி தூரத்துல கிடைக்கற ஃபோகஸ் சுமாரா அரை அடிதான், நடிகர் டீ குடிக்க குனிஞ்சாலே அவுட், எஃப் 5.6 வச்சா ஒன்றரை அடி கிடைக்கும். டேப் புடிச்சு அளந்து தரையில மார்க் ஒட்டி பண்ணும்போதுதான் ஃபோகஸ் புல்லர், அதாவது ஷாட் ஓடும்போது ஃபோகஸ மாத்தறவர் வேலை எவ்ளோ கஷ்டம்னு மரியாதை வருது.

ரெஃபரன்ஸுக்கு போட்டு காட்டுன படங்களும் நல்ல செலக்‌ஷன். ஜப்பான் டைரக்டர் ஓசுவோட 1953 டோக்கியோ ஸ்டோரி, கேமரா கிட்டத்தட்ட அசையவே அசையாது. அப்புறம் 1962ல ஸ்ரீதர் எடுத்த நெஞ்சில் ஓர் ஆலயம், ஏ.வின்சென்ட் கேமரா, பெரும்பாலும் ஒரு ஆஸ்பத்திரி செட்டுக்குள்ளயே நடக்கற படம். சவுண்ட மியூட் பண்ணிட்டு பாக்க சொன்னாரு சார். எடம் இல்ல, லொக்கேஷன் இல்ல, பட்ஜெட் இல்லன்னு சொல்ற ஒவ்வொருத்தரும் அந்த படத்த இந்த மாதிரி ஒரு தடவை பாக்கணும், இத நான் மனசார சொல்றேன்.

இப்ப குறை. கிம்பல் செஷன்ல மொத்த பேட்சுக்கும் இருந்தது ஒரே கிம்பல். அதை பேலன்ஸ் பண்றதுலயே பாதி நேரம் போச்சு, ஆளுக்கு ஒரு நடை கூட ஒழுங்கா கிடைக்கல. ஸ்டெடிகாம (உடம்புல மாட்டிட்டு ஆட்டம் இல்லாம எடுக்கற கேமரா செட்டப்) கண்டுபுடிச்ச கேரட் பிரவுன் பத்தியும், அதை 1976ல வந்த பவுண்ட் ஃபார் குளோரி படத்துக்குதான் முதல்ல யூஸ் பண்ணத பத்தியும் கதையா சொன்னாரு, நல்லாருந்துச்சு, ஆனா அந்த நேரத்துல ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கையில கொடுத்திருக்கலாம். கிம்பல் மோட்டார் பேன், டில்ட், ரோல்னு கேமரா திரும்பறது, குனியறது, சாயறது மூணையும்தான் சரி பண்ணும், நடக்கும்போது வர்ற மேல கீழ ஆட்டத்த முட்டிய மடக்கி நடந்து நாமதான் சரி பண்ணணும், அந்த நடைய பழகத்தானே வந்தோம். போன்ல எடுக்கறவங்களுக்கும் தனியா எதுவுமே இல்ல, வந்தவங்கள்ல பாதிக்கு மேல போன்லதான் எடுக்கறாங்க. அவங்களுக்காக நானே சொல்றேன், பிளாக்மேஜிக் கேமரா ஆப் ஃப்ரீ, ஐபோன், ஆண்ட்ராய்ட் ரெண்டுலயும் இருக்கு, உங்க மாடல் சப்போர்ட் ஆகுதான்னு மட்டும் பாத்துக்கோங்க, செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் செகண்டுல 50ல ஒண்ணு, ஒயிட் பேலன்ஸ் லாக், இது மூணும் போட்டாலே நம்ம ஊரு 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல டியூப்லைட் ஃப்ளிக்கர் பெரும்பாலும் வராது, மூவ்மெண்ட்டும் கண்ணுக்கு நேச்சுரலா இருக்கும்.

இன்னொரு பெரிய குறை, எடுத்த ஷாட்டெல்லாம் கடைசியில டிவில போட்டு பார்த்தப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி கமெண்ட்தான். எடிட்ல ஒட்டி பாக்கவே இல்ல. ஷாட் கம்போசிஷன் சரியா தப்பான்னு பக்கத்து ஷாட்டோட ஒட்டும்போதுதானே தெரியும், அரை நாள் அதுக்கு ஒதுக்கணும், ஃபீட்பேக் ஃபார்ம்லயும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

ஒளிப்பதிவ தொழிலா எடுக்கப்போறவங்களுக்கு இது பத்தாது, அவங்க தரமணி எம்.ஜி.ஆர். அரசு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டோ புனே எஃப்டிஐஐயோ ட்ரை பண்ணணும், இல்ல ஒருத்தர்கிட்ட அசிஸ்டெண்ட்டா சேரணும். டைரக்‌ஷன் பக்கம் இருக்கறவங்க, ஷார்ட் ஃபிலிம் பசங்க, கல்யாண வீடியோ பண்றவங்க தாராளமா போலாம். எங்க சேர்றதா இருந்தாலும் போன் போட்டு மூணு கேள்வி கேளுங்க, பேட்ச்ல எத்தனை பேர், நிஜ ட்ராக் ட்ராலி இருக்கா இல்ல வெறும் ஸ்லைடரா (ட்ரைபாட் மேல வைக்கற சின்ன தண்டவாளம்), எடுத்தத எடிட் டேபிள்ல உக்கார வச்சு பாப்பீங்களா. மத்தியான சாப்பாடு ஃபீஸ்ல சேராது, பக்கத்துலயே மெஸ் இருக்கு. கார் நிறுத்த எடம் கிடையாது, பைக்குல வர்றது நல்லது.