காற்றுக்குழாயின் கசிவை அறியப் புகையா, அமுக்கமா?

யாழ்ப்பாணத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் தேவை எழுவதில்லை; மையக் குளிரூட்டி பொருத்திய மண்டபங்களிலும் விடுதிகளிலும் குளிர்காற்றைக் காவும் தகட்டுக்குழாய்களே உட்கூரைக்கு மேல் ஓடுகின்றன. அவற்றின் மூட்டுகள் கசிந்தால் மண்டபத்துக்கு வரவேண்டிய குளிர், வெயில் ஏறிய கூரையின் கீழுள்ள வெளியில் வீணாவதுடன், கசிவைச் சுற்றிய இடங்களில் ஈரலிப்பான காற்று நீராகப் படிந்து பலகையில் கறையும் பூஞ்சணமும் உண்டாகின்றன. மண்டபக் காற்றைத் திரும்ப இயந்திரத்துக்குக் கொண்டுசெல்லும் மீள்காற்றுக் குழாயின் கசிவு இதனினும் கெட்டது: அது கூரையடி வெக்கையையே உறிஞ்சி இயந்திரத்திடம் சேர்க்கிறது.

கசிவை அறியப் புகைச் சோதனையே பலரும் விரும்பும் வழி. குழாயின் வாய்களை அடைத்து, சிறு விசிறியால் செயற்கைப் புகையைச் செலுத்தினால், பிளவுள்ள மூட்டைக் கட்டட உரிமையாளரே கண்ணால் காணலாம். ஆனால் சோளகக் காற்று வீசும் மாதங்களில், கதவு யன்னல் பூட்டப்படாத கட்டடத்தில் புகை உடனே கலைந்துவிடும். வெப்பக்காப்புப் போர்வை சுற்றிய குழாயிலோ, புகை போர்வைக்குள் ஊர்ந்து வேறோரிடத்தில் வெளிப்பட்டு ஏமாற்றும். தீ எச்சரிக்கை உணரிகளையும் முன்னரே நிறுத்திவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கசிவு எவ்வளவு என்பதைப் புகை சொல்லாது.

அந்த அளவைத் தருவது அமுக்கச் சோதனை. அடைத்த குழாய்க்குள் அளவீடு செய்யப்பட்ட விசிறியால் காற்றைச் செலுத்தி அமுக்கத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும்போது, அதற்குத் தேவைப்படும் காற்றின் அளவே கசிவின் அளவாகும். வீடுகளுக்கு 25 பஸ்கால் (அமுக்கத்தின் அலகு) வழக்கமானது. பெரிய கட்டடங்களில் குழாய் இயங்கும் அமுக்கத்தை ஒட்டிச் சோதிப்பார்கள். குழாய்களைக் கசிவின் அளவால் தரம் பிரிக்கும் ஐரோப்பிய வகைப்பாட்டின்படி, 200 பஸ்காலில் ஒரு சதுர மீற்றர் தகட்டுக்கு ஏ வகுப்பில் செக்கனுக்கு ஏறத்தாழ 0.84 லீற்றரும், அதைவிட இறுக்கமான பி வகுப்பில் 0.28 லீற்றரும் கசிய அனுமதி உண்டு. 60 சதுர மீற்றர் குழாய்க்குச் செக்கனுக்கு முறையே 51, 17 லீற்றர் என்று கணக்கிட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். குறை என்னவென்றால், பிளவு எங்கே என்று இது காட்டாது. வாய்களைச் சரியாக அடைக்காவிட்டால் அந்தக் கசிவும் குழாயின் கணக்கில் ஏறிவிடும்.

கசியும் இடத்தில் குமிழி எழும் சவர்க்கார நுரை, கைக்கு எட்டும் ஓரிரு மூட்டுகளுக்குப் போதும்.

புதிய கட்டடமாயின் அமுக்கச் சோதனையையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போர்வை சுற்றுவதற்கும் உட்கூரை அடிப்பதற்கும் முன்னர் பகுதி பகுதியாக அளந்து, எல்லை மீறிய பகுதியில் மட்டும் புகை விட்டுப் பிளவைத் தேடலாம். உட்கூரை மூடிய பழைய கட்டடத்தில், திறக்கக்கூடிய இடங்களில் புகையுடன் தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

கண்ட பிளவைத் துணி ரேப்பால் ஒட்டிவிட்டுப் போக அனுமதிக்கக் கூடாது. அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடம் 1998 இல் நடத்திய சோதனைகளில், அத்தகைய ரேப் வெப்ப மாற்றத்தைத் தாங்காமல் விரைவாகக் கழன்றது. மூட்டுகளில் பூசி அடைக்கும் மாஸ்டிக் பசை நின்றது.

அடைத்த பின் மீண்டும் அளக்கும்போது முன்னைய அமுக்கத்தையே பேணுவது அவசியம். 200 பஸ்காலில் அளந்ததை 100 இல் அளந்தால், ஒரு பிளவும் அடைபடாமலேயே கசிவு மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்ததாகத் தோன்றும். ஆகவே அமுக்கம் குறிக்கப்படாத அறிக்கையில் உரிமையாளர் கையொப்பம் இடக்கூடாது.